ரம்பம் படுவதற்கு முன்

நாலாவது நாளாக அந்தம்மா மேட்னி ஷோவில் பாதியில் எழுந்து வெளியே வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

தியேட்டர் மேனேஜர் நான். ஓடிக்கொண்டிருந்தது வெட்டுக்குத்துப் படம். 'கடைசிவரை உட்கார தில் இருக்கா?' என்று வாசலில் ஆளுயர போர்டு வைத்திருந்தேன். என் சொந்த ஐடியா. முழுசாகப் பார்த்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் அலைமோதியது.

இந்தம்மா என்னடாவென்றால், தினமும் நடு வரிசையில் உட்கார்ந்து, வில்லன் ரம்பத்தைக் கையில் எடுத்ததுமே எழுந்துவிடுகிறார். சும்மா எழுந்தாலும் பரவாயில்லை. "என்னால இதைப் பார்க்க முடியாதுப்பா, நான் வெளியே போறேன்" என்று தியேட்டருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வருகிறார். பின்னாலேயே பத்துப் பேர் நழுவுகிறார்கள். போட்டோவுக்கு நிற்க ஆளே குறைந்துவிட்டது.

போட்டி தியேட்டர்காரன் அனுப்பிய ஆள் என்றே முடிவு கட்டினேன்.

"பயம்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே? எதுக்கு தினம் வந்து என் பொழப்பைக் கெடுக்கறீங்க?"

"டிக்கெட் எடுத்துத்தான் வரேன் சார். பாதியில எந்திரிக்கக் கூடாதுன்னு அதுல எங்கேயும் போடலையே."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ரசிகர்களோடு படம் பார்க்கத் தயாரிப்பாளரே வந்தார். படம் ஆரம்பிக்கும் முன்பே அந்தம்மாவைக் காட்டி, நடந்ததையெல்லாம் போட்டுக்கொடுத்தேன்.

"அட, அது நம்ம மேக்கப்காரம்மா. அறுந்து விழுமே, அந்தக் கையைச் செஞ்சதே அவங்கதான்" என்று சிரித்தவருக்கு, நான் சொன்னது உறைத்ததும் முகம் மாறிவிட்டது.

அந்தம்மாவைக் கூப்பிட்டுத் தன் பக்கத்துச் சீட்டிலேயே உட்கார வைத்தார். அடுத்த படத்து மேக்கப் வேலையும் அந்தம்மாவுக்குத்தான் என்று பேசி வைத்திருந்ததாகவும், இன்று மட்டும் பாதியில் எழுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் என் காதுபடவே சொன்னார். அந்தம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

அடங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்சி வரும்போது மட்டும் எனக்குக் கேண்டீனில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். அன்றைக்குத்தான் முதல்முறையாக உள்ளே, கதவோரம் நின்றேன்.

வில்லன் ரம்பத்தை எடுத்தான். தயாரிப்பாளர் ஓரக்கண்ணால் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார்.

அந்தம்மா எழுந்தார். அதே வசனம். குரல் மட்டும் வழக்கத்தைவிட ஓங்கி ஒலித்தது.

அவருக்குப் பின்னால் ஒரு காலேஜ் பையன், ஒரு ஜோடி, அப்புறம் ஜிம்மிலேயே குடியிருப்பவன் மாதிரி ஒரு தடியன் என்று பதினாலு பேர் எழுந்து வந்தார்கள். அத்தனை பேரும் கதவைத் தாண்டிய பிறகுதான் திரையில் ரம்பம் கையில் பட்டது. நானும் ஒரே ஓட்டமாக வெளியே வந்துவிட்டேன்.

வராண்டாவில் அந்தம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"அடுத்த படம் போச்சேம்மா" என்றேன்.

"போகட்டும் சார். தொழில் தெரியும், பொழைச்சுக்குவேன்."

"நீங்க செஞ்ச ரப்பர் கையைப் பார்த்து நீங்களே இப்படிப் பயப்படலாமா?"

"பயமா? மூணு வாரம் எங்க வீட்டு சமையல்கட்டுல கிடந்த கை சார் அது. ரத்தம் எந்த நொடியில பீச்சும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நல்லாவே செஞ்சிருக்கேன், அதுல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. பிடிச்சவங்க உட்கார்ந்து ரசிக்கட்டும்."

"அப்புறம் ஏன்தான் தினம் இந்தக் கூத்து?"

"முதல் நாள் என் பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, வெளியே போயிடலாம்னு புருஷன்கிட்ட கெஞ்சிச்சு. அவருக்கும் வேர்த்துக் கொட்டுது. ஆனா, 'யாராவது எந்திரிக்கிறாங்களா பாரு, நாம மட்டும் போனா கேவலம்'னு கையைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டார். அன்னிக்கு யாருமே எந்திரிக்கலை சார். மறுநாள்லேர்ந்து நான் எந்திரிக்கிறேன்."