பக்கத்து இருக்கை

எடித் ரீச்சர் தனியே கார் ஓட்டும்போதும், பக்கத்து இருக்கைக்குப் பெல்ட் போடவில்லையென்று மணி அடித்துக்கொண்டேயிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு, தாராபுரத்தில் கராஜ் வைத்திருக்கும் றெனால்ட்தான் வழி சொன்னான். "சென்சர் பிழை ரீச்சர். வெறும் பெல்ட்டைக் கொழுவி விடுங்கோ, வாயை மூடும்."

நேற்றுக் காலை கழுதையொன்று குறுக்கே வர, ரீச்சர் வெட்டித் திருப்பி மதகில் மோதினா. காயமில்லை. காரை றெனால்டிடம் இழுத்து வந்தார்கள்; ரீச்சரும் கூட வந்தா.

அவன் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்தான். இரண்டு காற்றுப்பைகளும் விரிந்து கிடந்தன. இந்தக் காரில் பாரமில்லாத இருக்கைக்குப் பை விரியாது. மோதும்போது பெல்ட் சுண்டி இழுத்து அப்படியே இறுகிவிடும். ஆளில்லாவிட்டால் இருக்கையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். இதுவோ ஒரு சாண் விலகி, நெஞ்சளவு வளைந்து நின்றது. இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"தனியத்தானே வந்தனீங்கள்?"

"ஓம். ஏன் கேக்கிறாய்?"

பெல்ட்டை வெட்டுவதற்கென்று எடுத்த கத்தியை அவன் கீழே வைத்தான். சிவப்புப் பொத்தானை மெல்ல அழுத்தினான். பெல்ட் துவண்டு விழுந்தது. கதவை இன்னும் அகலத் திறந்து, ஓரமாக விலகி நின்றான்.

காரின் அந்தப் பக்கம் ஒரு விரலளவு உயர்ந்தது.