வலது காலுறையில் பாதி வெங்காயம்

முதுகு விண்விண்ணென்று தெறித்தது. காலையில் நூற்று எண்பது சிமெண்ட் மூட்டை இறக்கிவிட்டு, நேராக வந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன.

பெற்றோர் வந்து பாடம் பார்க்கும் நாள். மொழிப்பாடம். கதை, பாட்டு ஏதாவது நடக்கும், கடைசி வரிசையில் கொஞ்சம் கண்ணயரலாம் என்றுதான் வந்தேன்.

டீச்சர் தன் போனுக்கு வந்த ஒரு வாட்ஸப் செய்தியைப் பலகையில் எழுதியிருந்தார்.

'வெங்காயத்தைப் பாதியாக வெட்டி வலது காலுறைக்குள் வைத்தால் ஏழே நாளில் முதுகுவலி பறந்துபோகும். வெளிநாட்டு டாக்டர்களே அதிர்ச்சி! உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்.'

என் தூக்கம் பறந்துபோனது.

என் வலது காலுறைக்குள் பாதி வெங்காயம் இருந்தது. அன்றைக்கு ஐந்தாம் நாள்.

காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

செய்திக்குக் கீழே மூன்று கேள்விகள். இதை முதலில் சொன்னது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? நாம் நம்பினால் அவருக்கு என்ன லாபம்?

பிள்ளைகள் பிய்த்து உதறினார்கள்.

"வெங்காயத்துக்கு முதுகு எங்க இருக்குன்னு எப்படி டீச்சர் தெரியும்?" என்றது முன்பல் விழுந்த ஒரு வாண்டு.

மற்ற பெற்றோர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேவைக்கு மேலேயே சிரித்துவிட்டேன்.

கடைசி வரிசையில் இரண்டு பிள்ளைகள் மூக்கைச் சுருக்கி ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டன. டீச்சர் வந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அப்புறம் என் மகள் எழுந்தாள்.

"எங்கப்பா பொய்யே சொல்ல மாட்டாரு" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறவள். மூட்டை தூக்கி நான் சேர்த்த சொத்து அந்த ஒரு பேர்தான்.

செய்தி கிளம்பிய இடத்தைக் கண்டுபிடிப்பது அவளுக்குக் கொடுத்த வேலையாம். ஒரு வாரமாக அம்மா போனை வாங்கி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்களுக்கு யார் அனுப்பினது என்று கேட்டிருக்கிறாள். என்னிடம் மூச்சுவிடவில்லை.

பலகையில் வரைந்துகொண்டே போனாள். டீச்சருக்கு அனுப்பியது டீச்சரின் அண்ணி. அண்ணிக்கு ஒரு பஸ் கண்டக்டர். கண்டக்டருக்கு கிரேன் டிரைவரின் மாமியார். மாமியாருக்கு, என்னோடு வேலை பார்க்கும் அந்த கிரேன் டிரைவர். எல்லாரும் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தார்கள். கடைசி உருளைக்கிழங்குக்கு மட்டும் மீசை.

அது நான்.

"அப்பா, உங்களுக்கு யாருப்பா அனுப்பினாங்க?"

இருபத்தெட்டுத் தலைகள் திரும்பின.

"மேஸ்திரி" என்றேன்.

சாக்பீஸ் பலகை வரைக்கும் போய் நின்றது.

"மேஸ்திரி மாமாகிட்ட பட்டன் போன்தானேப்பா இருக்கு?"

மணி அடித்தது. அடித்தவர் நன்றாக இருக்கட்டும்.

அவள் அவசரப்படவில்லை. மேஸ்திரி என்று எழுதி, பக்கத்தில் தன் தலை அளவுக்கு ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

வாசல் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வலது காலை ஊன்றும்போதெல்லாம் உள்ளே சதக் சதக்கென்றது. அவள் என் செருப்பைப் பார்த்தாள். ஷூ போட்டால் கால் வீங்குகிறது என்று காலுறைமேல் செருப்பு மாட்டியிருந்தேன்.

மேஸ்திரி எனக்கு எதுவும் அனுப்பவில்லை. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "ஐயோ முதுகு" என்று புலம்புவார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், சிமெண்ட் மூட்டைமேல் சாய்ந்தபடி, அவரை வைத்து ஒரு சிரிப்புக்காக அந்த வெங்காயத்தை நான்தான் எழுதினேன். அவரிடம் படித்துக் காட்டட்டும் என்று கிரேன் டிரைவருக்கு அனுப்பினேன். அந்த மடையன் சிரிக்காமல் மாமியாருக்கு அனுப்பிவிட்டான்.

இரண்டு மாதம் சுற்றிவிட்டு அது என் மனைவியின் போனிலேயே வந்து விழுந்தது. நான் எழுதாத வெளிநாட்டு டாக்டர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள்.

டாக்டர்களே சொல்லும்போது ஏதாவது இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

கேள்விக்குறியை டீச்சர் இன்னும் அழிக்கவில்லையாம். தினமும் சாயங்காலம் மகள் வந்து சொல்கிறாள், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

முதல் கேள்விக்கான பதில், அவளுக்கு நான் தரவேண்டிய பாக்கி.