இரட்டைக் கோடு

தெருமுனை வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"அடுப்பை அணைச்சேனா?"

"நிச்சயமாத் தெரியுமா? தெரியலைன்னா வா, போய்ப் பார்த்துட்டே வந்துடலாம்" என்றான் கணவன். அன்று காலையில் அது மூன்றாவது தடவை. அவன் குரலில் துளி எரிச்சல் இல்லை.

எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியே பார்த்து உச்சுக் கொட்டினாள். "அந்த மனுஷன் தங்கம். வேற ஒருத்தனா இருந்தா எப்பவோ இவளைத் தலைமுழுகியிருப்பான்."

அடுப்பு அணைந்துதான் இருந்தது. என்றைக்குமே அணைந்துதான் இருந்திருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் பேர் சொல்லும் தையற்காரி. சொந்தமாகக் கடை இருந்தது. ஒருநாள் அவள் கடையில் இருந்தபோது வீடு பற்றி எரிந்தது. மேசை மேல் இஸ்திரிப் பெட்டி பிளக்கோடு கிடந்ததாகத் தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள். மாடியில் குடியிருந்த பெரியவர் புகையில் மூச்சுத் திணறிச் செத்துப்போனார். அவளைக் கொலைகாரி என்று யாரும் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் அடுப்பு, பூட்டு, குழாய் என்று எதையும் நம்ப முடியவில்லை. தைத்த துணிக்குள் ஊசி தங்கிவிட்டால்? தைத்ததைப் பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாசம் கழித்துச் சீருடை கைக்கு வந்தால் யார்தான் பொறுப்பார்கள்? கடையை மூடும்படி ஆயிற்று.

இப்போது வாரம் ஒருமுறை ஓர் ஆலோசகரிடம் போகிறாள். மாத்திரை கிடையாது, பேச்சுதான். அந்த அம்மா சந்தேகத்தைக் கூண்டில் ஏற்றி, வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்வார்.

"அடுப்பு எரியறதைப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"வாடை வந்துச்சா? சத்தம் கேட்டுச்சா?"

"இல்லை மேடம். ஆனா ஒருவேளை..."

"அந்த ஒருவேளையில இருந்துதான் கதை ஆரம்பிக்குது. கண்ணு பார்த்ததை விட்டுட்டு மனசு கட்டற கதையை நம்பறீங்க."

"என் கண்ணை எப்படி மேடம் நம்பறது? அன்னிக்கும் பிளக்கைப் பிடுங்கிட்டேன்னுதான் என் கண்ணு சொல்லுது. பெரியவர் போய்ச் சேர்ந்துட்டாரே!"

பேச்சு இந்த இடத்துக்கு வந்தாலே, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவன் குறுக்கே விழுவான்.

"பாவம் மேடம், அதை மட்டும் கிளறாதீங்க. எனக்கு இஸ்திரிப் பெட்டியைத் தொடக்கூடத் தெரியாது. அதனாலதான் எல்லா வேலையும் இவ தலையில விழுந்துச்சு."

மூன்று தடவை அடுப்பைப் பார்த்துவிட்டு வந்த அன்று ஒன்பதாவது வாரம். ஆலோசகர் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவள் முன் ஒரு நோட்டை வைத்தார்.

"அந்த நாளையே எடுத்துக்குவோம். இப்படி இருக்குமோ, அப்படி இருக்குமோ எதுவும் வேண்டாம். பார்த்தது, கேட்டது, தொட்டது. அதை மட்டும் எழுதுங்க."

அவள் பேனாவை எடுத்தாள். எழுதினாள்.

ஒரு சின்னப் பெண்ணின் சீருடையைத் தேய்த்தேன். வேறு எதையும் தேய்க்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியை அலமாரியில் நிமிர்த்தி வைத்தேன். அவருடைய நீலச் சட்டை கொடியில் கசங்கித் தொங்கியது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஏழு மணிக்குக் கடைக்குக் கிளம்பினேன். மத்தியானம் தகவல் வந்து ஓடினேன். அவர் ஆபீசிலிருந்து எனக்கு முன்னாலேயே வந்து தெருவில் நின்றார். என்னைக் கட்டிக்கொண்டார். அதே நீலச் சட்டை. சட்டைக் கையில் இரண்டு இஸ்திரிக் கோடு.

பேனா நின்றுவிட்டது.

சட்டையின் கையைச் சரியாக மடித்துப் போடத் தெரியாதவர்கள் தேய்த்தால்தான் ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு விழும். அவள் கை அப்படித் தேய்க்காது. தூக்கத்தில் தேய்த்தாலும் தேய்க்காது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லை மேடம்." நோட்டை மூடினாள். கொலைகாரி இல்லை என்று தெரிந்தும் நிம்மதி மட்டும் வரவில்லை.

வெளியே கணவன் குடையோடு எழுந்தான்.

"முடிஞ்சுதா? பையை எடுத்துக்கிட்டியா? உள்ள எதையும் விட்டுடலையே? நிச்சயமாத் தெரியலைன்னா..."

"விடலை" என்றாள்.

மாடிப்படி இறங்கும்போது கேட்டாள்.

"வீடு எரிஞ்ச அன்னிக்கு நீலச் சட்டை போட்டிருந்தீங்களே, அதை யாரு தேய்ச்சா?"

அவனுக்கு ஒரு படி தவறியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"எந்தச் சட்டை?"

"கசங்கிக் கொடியில கிடந்துச்சே. மத்தியானம் கையில ரெண்டு கோடு இருந்துச்சு."

கீழ்ப்படி வரைக்கும் அவன் இறங்கினான். பிறகு அவள் தோளில் மெல்லக் கை வைத்தான்.

"உனக்குத்தான் எல்லாத்துலயும் சந்தேகம் வருமே. இதையும் நல்லா யோசிச்சுப் பாரு. நிச்சயமாத் தெரியுமா?"

காலையில் கேட்ட அதே கனிவான குரல். ஆறு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவள் ஒருமுறைகூடப் பதில் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

இன்று திரும்பவில்லை. அவனையே பார்த்தாள்.

"சட்டையை அன்னிக்குப் பார்த்தேன்" என்றாள். "உங்க முகத்தை இப்பப் பார்க்கறேன்."