பெருக்குமரத்தின் சுற்றளவு

“அக்கா, நாளைக்கு யாழ்ப்பாணத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?”

மன்னார் பஸ் நிலையத்தில் நின்ற ஓட்டோவுக்குள் பையை வைத்துக்கொண்டே கேட்டான் துஷாந்தன்.

முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அதை விட்டுவிட்டு, “இப்பத்தானே தம்பி வந்து இறங்கினீங்கள்?” என்றாள்.

“பள்ளிமுனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னைப் போட்டிருக்கினம் அக்கா. கணித ஆசிரியரா.” சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். “எனக்கு வேண்டாம் எண்டு கடிதம் எழுதிக் கொண்டந்திட்டன். காலமை அதிபரிட்டக் குடுத்திட்டுப் போயிடுவன். இங்க வெயிலும் காத்தும் கழுதையும்தானாம்.”

“ஆர் சொன்னது?”

“இங்க வேலை செய்து மாறிப்போன ஒருத்தர்.”

அவள் ஓட்டோவைக் கிளப்பினாள். பிறகு, “எட்டரைக்கு ஒரு பஸ் இருக்கு. அதுவரைக்கும் லொட்ஜில முகட்டைப் பாத்துக்கொண்டு இருக்கப் போறியளோ? இண்டைக்கு ஞாயிறு. வந்தனீங்கள், ஊரைப் பாத்திட்டுப் போங்கோ” என்றாள்.

தன் பெயர் றஞ்சினி என்று மட்டும் சொன்னாள். ஓட்டோ கோட்டைப் பக்கம் திரும்பியது.

அகழியைக் கடந்து மதிலில் ஏறியதும் காற்று துஷாந்தனின் சட்டையைப் பிடித்து இழுத்தது. ஒருபுறம் கடல். மறுபுறம், பெருநிலத்துக்குப் போகும் பாலத்தருகே, ஆழமில்லாத நீரில் பூநாரைகள் வரிசையாக நின்றன. அவன் கைபேசியை எடுத்தான். ஒரு படத்தோடு நிறுத்த முடியவில்லை.

“போத்துக்கீசர் கட்டினது. ஒல்லாந்தர் பிடிச்சுத் திருத்தினது” என்றாள் றஞ்சினி. “அவை நூறு வரியம் இருந்தினம், இவை அதுக்கும் மேல. கணக்கு வாத்திமார்தான் இங்க ஒரு மாசமும் நிக்கினம் இல்லை.”

துஷாந்தனுக்குச் சிரிப்பு வந்தது. “உங்கட பிள்ளையளும் அந்தப் பள்ளிக்கூடத்திலயோ படிக்கினம்?”

“ஓம் தம்பி. எல்லாரும் அங்கதான்.”

மதியம் ஒரு சின்னக் கடையில் நண்டுக் குழம்போடு சோறு. அதன் பிறகு பள்ளிமுனையில் பெருக்குமரம் என்கிற பாவோபாப் மரம்.

“அராபிய வியாபாரியள் கொண்டந்து வைச்சதெண்டு சொல்லுவினம். எழுநூறு வரியமாம். நீங்கள் போய்ப் பாருங்கோ. வெயில் குத்துது, நான் ஓட்டோவுக்குள்ளயே இருக்கிறன்.”

கிட்டப் போனபோது அது மரமாகவே தெரியவில்லை. ஒரு வீட்டுச் சுவர் வளைந்து நிற்பதுபோல இருந்தது. மூன்று சிறுமிகள் பழைய வலைக்கயிறு ஒன்றை அடிமரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“என்ன செய்யிறியள்?”

“சுற்றளவு பாக்கிறம் அண்ணா. எங்கட கை சின்னன், பாகம் சரியா வராது. நீங்கள் அளந்து தருவீங்களோ?” என்றாள் மூவரில் உயரமானவள்.

பாகம் என்பது இரு கைகளையும் அகல விரித்த நீளம். கடலின் ஆழத்தை மீனவர்கள் அப்படித்தான் அளப்பார்கள். துஷாந்தன் கைகளை விரித்துக் கயிற்றை அளந்தான். பதினொரு பாகம்.

“இனி மரத்தை வெட்டாமல் குறுக்களவு சொல்லுங்கோ பாப்பம்” என்றான் விளையாட்டாக.

உயரமானவள் கண்ணை மூடித் திறந்தாள். “மூண்டரைப் பாகம்.”

அவன் மனதுக்குள் வகுத்துப் பார்த்தான். சரியாக மூன்றரை.

“உமக்கு ஆர் படிப்பிச்சது?”

“ஒருத்தரும் இல்லை. அப்பான்ர சைக்கிள் சில்லை நூலால சுத்தி அளந்தனான். அகலத்தைப்போல மூண்டு மடங்கும், ஏழில ஒரு பங்கும். வீட்டுச் சட்டி, வாளி எல்லாத்துக்கும் அப்பிடித்தான் வருது.”

“எந்தப் பள்ளிக்கூடம்?”

அவள் சொன்னாள். அவனுடைய நியமனக் கடிதத்தில் இருந்த அதே பெயர்.

“எட்டாம் வகுப்பு. கணக்குக்கு ஆள் இல்லை. வருவினம், போயிடுவினம்.” அவள் குரலில் குறை எதுவும் இல்லை. மழை வரும், போகும் என்பதுபோலச் சொன்னாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். “அண்ணா, மேல ஏறாமல் உயரத்தை அளக்கேலுமோ?”

“ஏலும். நிழலை வைச்சு அளக்கலாம்.”

அவன் குந்தியிருந்து மணலில் விரலால் ஒரு முக்கோணம் கீறினான். பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. மூன்று தலைகளும் குனிந்தன. பாதி சொல்லி முடிப்பதற்குள், “ஜெனிஸ்ரா! வீட்ட வாங்கோடி!” என்று ஒரு குரல் கூப்பிட்டது.

“மிச்சம்?” என்று கேட்டாள் ஜெனிஸ்ரா என்ற அந்த உயரமானவள்.

“நாளைக்குச் சொல்லுறன்.”

சொன்ன பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு விளங்கியது.

திரும்பும் வழியில் பாதித் தூரம் போனதும், “அக்கா, இங்க மாச வாடகைக்கு ஒரு அறை எடுக்கலாமோ?” என்று கேட்டான்.

ஓட்டோ ஒருகணம் வேகம் குறைந்து, மறுபடி ஓடியது. “தேடிப் பாப்பம் தம்பி” என்றாள் றஞ்சினி.

அன்றே லொட்ஜில் வைத்து, வேண்டாம் என்று எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டான். மறுநாள் காலை ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய், ‘அதிபர்’ என்று எழுதியிருந்த கதவைத் தட்டினான்.

மேசைக்குப் பின்னால் கதிரையை விட்டு எழுந்தவள் றஞ்சினி.

“வாங்கோ சேர், இருங்கோ. நேத்து உங்களைக் கூட்டிவரத்தான் என்ர மனுசன்ர ஓட்டோவைக் கொண்டு வந்தனான்” என்றாள் அவள், வரவுப் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தபடி. “இதுக்கு முதல் வந்த மூண்டு பேருக்கும் இந்த அதிபர் கந்தோரைத்தான் முதல்ல காட்டினனான், ஒருத்தரும் நிக்கேல்லை.”