வெள்ளையாக விட்ட இடம்

திரையில் படம் விழுந்ததும் பம்பைக்காரன் சென்றாயனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சேற்றில் நண்டு ஓடியது போலக் கறுப்புப் புள்ளிகள், நடுவே ஒரு நீலக் கோடு. இதைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டுமாம்.

ஸ்வரம் கிடையாது, தாளம் கிடையாது. கோடு தன் வயலினுக்கு, புள்ளி அவன் பம்பைக்கு, கண் போகிற போக்கில் கை போனால் போதும் என்று பிரியதர்ஷினி சொல்லியிருந்தாள். சென்னையில் இந்தப் புதுமாதிரி இசையைப் படித்துவிட்டு வந்தவள். கடைசியில் படம் வெறும் வெள்ளையாக இருக்கும், அங்கே யாரும் கையை அசைக்கக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு.

பாப்பாரப்பட்டி கல்யாண மண்டபத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில், சென்றாயன் புள்ளிகளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தான்.

கொஞ்ச நேரத்தில் அடியை மாற்றிப் பார்த்தான்.

எப்படி மாற்றி வாசித்தாலும் புள்ளிகள் அவன் கையை இழுத்துக்கொண்டு போய் ஒரே அடியில் விட்டன. கருமாதி வீட்டில் செத்தவரைக் கூப்பிடுகிற அடி.

முன்வரிசையில் பிரியதர்ஷினியின் அம்மா தீர்த்தம்மாள் ஆடத் தொடங்கியிருந்தாள். கொண்டை அவிழ்ந்து முடி முகத்தை மூடியது. அவள் தொண்டையிலிருந்து ஒரு வாலிபனின் முனகல் வந்தது.

புதுமாதிரி இசையில் இதுவும் உண்டு போல என்று கூட்டம் ரசித்துக்கொண்டிருந்தது.

படம் வெள்ளைக்கு வந்தது. வயலின் நின்றது.

கூப்பிட்டவரைத் திருப்பி அனுப்பாமல் பம்பையை நிறுத்துவது சென்றாயன் வம்சத்திலேயே கிடையாது. அனுப்புகிற அடிக்குக் குச்சியை ஓங்கினான்.

பிரியதர்ஷினி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்றிருந்தது.

"அடிக்காதீங்கண்ணா," என்றாள் காதோரம். "போனவாட்டி எங்க வூட்ல, கெணத்துல எப்படி வுழுந்தேன்னு எந்தம்பி அன்பு வாயத் தொறக்கறதுக்குள்ள அனுப்பிட்டீங்க."

ஏரியூர்க் கருமாதி வீடு அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது. அன்று அவனாக அனுப்பவில்லை. போதும், பெத்தவள் தாங்க மாட்டாள், சீக்கிரம் முடி என்று பையனின் பெரியப்பாதான் நச்சரித்தார்.

அவன் முன்வரிசையைப் பார்த்தான். அதே பெரியப்பா, தோளில் சால்வையோடு, தீர்த்தம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில். எழுந்துகொள்ளப் பார்த்தார், முடியவில்லை. தீர்த்தம்மாளின் முகம் மெல்ல அவர் பக்கம் திரும்பியது.

சென்றாயன் குச்சியைக் கீழே வைத்தான்.