மனித மலர்ச்சி நாயகர்

"விருதுநகர் வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள். இந்த நிமிடம் முதல் நம் கம்பெனியில் மேனேஜர் என்ற சொல்லே கிடையாது."

இரண்டு மாதங்களுக்கு முன்பு நாற்காலி மேல் ஏறி நின்று இப்படி அறிவித்தார் நவநீதகிருஷ்ணன். மிளகாய் வத்தல் குடோனில் அவர் மூன்று பேரோடு தொடங்கிய கம்பெனி, இரண்டே வருடத்தில் நூற்று நாற்பது பேராக வளர்ந்துவிட்டது. தும்மல் மட்டும் பழையபடியே. ஆலைத் தொழிலாளர்களின் வருகை, விடுப்பு எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் சாப்ட்வேர்தான் இங்கே சரக்கு.

மேனேஜர்கள் ஒழிந்தார்கள், பட்டங்கள் பெருகின. வாசலில் நிற்கும் சுடலை 'முதல் புன்னகை அதிகாரி' ஆனார். டீ போடும் மாரித்தாய் 'ஆற்றல் பங்காளி'. திங்கட்கிழமைதோறும் சில பட்டங்கள் கைமாறும். அதற்கு ஒரு மெயில் வரும். ஒரு நாளைக்கு முந்நூறு மெயில் வருகிற இடத்தில் அதைத் திறந்து படிக்க யாருக்கு நேரம்?

பாண்டிமுருகனுக்கு நிச்சயமாக இல்லை. சாப்ட்வேர் மக்கர் பண்ணினால் ஆலை ஆலையாக பைக்கில் ஓடிச் சரிசெய்கிறவன் அவன். வெள்ளிக்கிழமை நாரணாபுரத்தில் அவனுக்குக் கல்யாணம். ஒரு வார விடுப்புக்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்துவிட்டான். இன்று புதன்கிழமை. திரையில் இன்னமும் அதே வரிதான்: 'மனித மலர்ச்சி நாயகரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.'

ஒப்புதல் இல்லாமல் மூன்று நாள் வேலைக்கு வராவிட்டால் சாப்ட்வேரே ஆளை வேலையிலிருந்து தூக்கிவிடும். போன வாரம் கூட வேலை செய்த விக்னேஷ்குமார் அப்படித்தான் போனான். அப்பா இறந்து எம். புதுப்பட்டிக்குப் போனவன், மொட்டைத் தலையோடு திரும்பி வந்து வாசலில் அட்டையைக் காட்டினான். கதவு திறக்கவில்லை.

பாண்டிமுருகன் வாசலுக்கே ஓடினான். "அப்பன் செத்ததுக்கே லீவு குடுக்காதவன் என்ன மனுசன்லே? எவன்னு மட்டும் தெரியட்டும்" என்று அவன் தோளில் கை வைத்தான். விக்னேஷ்குமார் அந்தக் கையை எடுத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். துக்கத்தில் இருக்கிறான், பாவம் என்று இவனும் விட்டுவிட்டான்.

காலையில் மாரிச்செல்வி போன் செய்தாள். அத்தை மகள்; வெள்ளிக்கிழமை அவனுக்கு மனைவியாகப் போகிறவள். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலையில் பாக்கிங் வேலை.

"என்ன மச்சான், தாலி கட்ட நீக வருவீகளா, இல்ல உங்க சாப்ட்வேர் வருமா?"

"வந்துருவேன் புள்ள. ஒரே ஒரு ஒப்புதல்தான் பாக்கி."

"எங்க போர்மேன்கிட்ட பத்திரிகையக் குடுத்தேன். 'போயிட்டு வா தாயி'ன்னாரு. அம்புட்டுத்தான். உங்க ஆளுக வச்ச கம்ப்யூட்டர் எங்க ஆபீசுலயும் இருக்கு. அது மேல துண்டக் காயப்போட்டிருக்காரு."

போனை வைத்தவன் நேராக நவநீதகிருஷ்ணனிடம் போனான். 'அண்ணாச்சி' என்று தொடங்கியதும் அவர் முகம் சுளித்து, 'நவ்' என்று கூப்பிடச் சொன்னார். அப்படிக் கூப்பிட வாய் வராமல், எப்படியும் கூப்பிடாமலே விஷயத்தைச் சொன்னான். கல்யாணத்துக்கு மனமார வாழ்த்தினார். விடுப்பு மட்டும் அவர் கையில் இல்லையாம்.

"நான் கையெழுத்துப் போட்டா அது சர்வாதிகாரம் ஆயிரும் பாண்டி. நாயகரைப் பாருங்க."

யார் அந்த நாயகர்? அது அவருக்கும் தெரியவில்லை. அவ்வளவு வேகமாக வளர்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் பாண்டிமுருகன் பொங்கிவிட்டான். கல்யாணம், கருமாதி, பிரசவம் எதற்கும் இரங்காத அந்த நாயகரை நடுரோட்டில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்றான். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா பிரசவத்துக்குப் போக முடியாமல் போன அனுப்பிரியா மட்டும், "பேசுறதுக்கும் ஒரு அளவு இருக்குண்ணே" என்று டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனாள். பயந்து சாகிறார்கள் என்று அவன் இன்னும் கொதித்தான்.

கொதிப்போடு போய் ஆர்த்தியின் மேஜையில் ஓங்கித் தட்டினான். பட்டங்களின் பட்டியல் அவள் பொறுப்பில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது.

"அந்த நாயகர் எவன்னு பாரு. எல்லார் லீவையும் கெடப்புல போட்டுட்டு எங்கனயோ சம்பளம் வாங்கிட்டுத் திரியுறான். அவன் மேல எழுத்துல புகார் குடுக்கணும்."

ஆர்த்தி புகார்ப் படிவத்தைத் திறந்தாள். புகார் கொடுப்பவர் என்ற இடத்தில் பாண்டிமுருகன் என்று தட்டினாள். யார் மீது என்ற இடத்துக்காகப் பட்டியலைத் தேடிப் போன விரல்கள் அப்படியே நின்றன. இரண்டு தடவை திரையைப் பார்த்தாள். ஒரு தடவை அவனைப் பார்த்தாள்.

"போன மாசமே உங்களுக்கு மெயில் வந்திருக்கேண்ணே. திறந்தே பாக்கலியா?"

திரையை அவன் பக்கம் திருப்பினாள். மனித மலர்ச்சி நாயகர்: பாண்டிமுருகன். கீழே நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள் காத்திருந்தன. முதலாவது, விக்னேஷ்குமார், தந்தை மரணம்.

அவன் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படித்து, நாற்பத்து இரண்டுக்கும் ஒப்புதல் கொடுத்தான்.

தன்னுடைய விடுப்புக்குத் தானே ஒப்புதல் கொடுக்க அந்தச் சாப்ட்வேரில் வழியில்லை.