மேஜை மேல் செருப்பு

பொம்மசந்திராவில் ஒரு மருந்து கம்பெனிக்கு இன்டர்வியூவுக்கு வந்திருந்த பார்கவி, கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த வேலையாவது கிடைக்க வேண்டுமே என்று அவளுக்குப் படபடப்பு.

"ஒரு மூலக்கூறும் அதோட கண்ணாடி பிம்பமும் ஒண்ணுதானா?" என்று கேட்டார் மேனேஜர் அனந்தலக்ஷ்மி.

"எப்பவும் இல்ல மேடம். சிலது இடது கை, வலது கை மாதிரி. ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தாது. ஒண்ணு நோயைத் தீர்க்கும், இன்னொண்ணு சும்மா கிடக்கும்."

"சரிதான். ஆனா கையை எல்லாரும் காட்டுறாங்க. நீ செருப்பைக் கழட்டிக் காட்டேன்."

"ஐயோ, வேண்டாம் மேடம்!"

"பரவாயில்லம்மா, மேஜை மேல பேப்பர் விரிச்சிருக்கேன். வை."

பாவம், அழாத குறையாக எடுத்து வைத்தாள். இரண்டுமே இடது கால் செருப்பு!

"காலைல கரண்ட் இல்ல மேடம். எனக்கும் அக்காவுக்கும் ஒரே மாதிரி செருப்பு. இருட்டுல மாட்டிக்கிட்டு ஓடி வந்துட்டேன்."

அனந்தலக்ஷ்மி விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க மருந்துல வலது மூலக்கூறு கலக்காம இடதை மட்டும் எடுக்க நாங்க ஒரு வருஷமா திண்டாடுறோம். நீ கையோட கொண்டு வந்திருக்கே! திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு. ஆமா, உங்க அக்கா?"

"ஜோகுபாளையம் வீட்டுல ரெண்டு வலதையும் மாட்டிக்கிட்டு என்னைத் திட்டிக்கிட்டிருப்பா மேடம்!"